மலை இறக்கிவிட்டவர்களின் ஊர்

'திருப்பதி போய்வந்தோம்' என்று லட்டுப் பையை நீட்டுகிறவர்களில் பலர் திருப்பதியைப் பார்த்திருக்க மாட்டார்கள். ரயிலிலோ சென்னைப் பேருந்திலோ வந்து இறங்குவது, மலைப் பேருந்தைப் பிடிப்பது, வரிசையில் நிற்பது, 'ஜருகண்டி' கேட்டு வெளியே வருவது, அப்படியே ஊர் திரும்புவது. 2023 செப்டம்பரில் சீனிவாச சேது மேம்பாலம் முழுமையாகத் திறக்கப்பட்டபின் கீழே இறங்கவே வேண்டியதில்லை. திருச்சானூர்ப் பக்கம் ஏறினால் சுமார் 7 கிலோமீட்டர் ஊரின் தலைக்கு மேலேயே போய் மலையடிவாரத்து அலிபிரி அருகே விட்டுவிடும். மொட்டைமாடிக் கொடிகளில் காயும் புடவைகளும் கறுப்புத் தண்ணீர்த் தொட்டிகளும் சன்னலோரம் ஓடி மறையும். கீழ்த் திருப்பதி அவ்வளவில் முடிந்துவிடும்.

அந்தப் புடவைகளுக்கு உரியவர்கள் யார், அவர்கள் தெருக்களில் அரை நாள் நடக்க நினைத்தால் எங்கே தொடங்கலாம், எதைப் பார்க்கலாம் என்று சொல்லத்தான் இந்தக் கட்டுரை. ஆனால் கீழே உள்ள ஊரைப் புரிந்துகொள்ள மேலே உள்ளதிலிருந்து தொடங்கவேண்டும்.

கோயிலைச் சுற்றி வீடுகள் இருப்பது நமக்குப் பழகிய காட்சி. ஸ்ரீரங்கத்தில் மதில்களுக்கு உள்ளேயே உத்தர வீதி, சித்திரை வீதி என்று குடும்பங்கள் வாழ்கின்றன. பால்காரரும் பள்ளிக்கூட ஆட்டோவும் கோபுர வாசல் வழியாகத்தான் போய்வருகிறார்கள். திருமலையில் அப்படி இல்லை. 2011 கணக்கெடுப்பின்படி மலைமேல் குடியிருந்தவர்கள் 7,700 சொச்சம் பேர். சாதாரண நாளில் அங்கே வந்துபோகும் யாத்திரிகர்கள் அறுபது, எழுபதாயிரம். கீழே நகர எல்லைக்குள் குடியிருந்தவர்கள் அதே கணக்கெடுப்பில் 2.87 லட்சம். பெருமாள் மேலே, ஊர் கீழே. மலையில் இருக்க முடியாதவர்களும், இருந்து பின்னர் இறக்கிவிடப்பட்டவர்களும் சேர்ந்து உண்டாக்கிய ஊர் என்று கீழ்த் திருப்பதியை நினைத்துக்கொண்டால் அதன் தெருக்கள் குழப்பம் இல்லாமல் விளங்கும்.

முதலில், இருக்க முடியாதவர்கள். குளிர், காடு, விலங்கு: இந்த மூன்றும் போதும், மலையில் யாரும் வீடு கட்டாமல் இருக்க. பத்தாம் நூற்றாண்டில் கோயிலுக்கு விடப்பட்ட கொடைகளைத் தரையில் இருந்த திருச்சானூர்ச் சபையார் கவனித்த செய்தி கல்வெட்டுகளில் உண்டு. (மலைக் கல்வெட்டுகளில் பெரும்பகுதி தமிழில் இருப்பதால் நம்மவர்கள் அங்கே கொஞ்சம் நெஞ்சை நிமிர்த்திக்கொள்வார்கள். போகட்டும்.) மலையில் நந்தவனம் போட்டுப் புஷ்ப கைங்கரியம் செய்ய யார் போகிறீர்கள் என்று இராமானுசர் கேட்டபோது குளிருக்கு அஞ்சிச் சீடர்கள் தயங்கினார்கள், அனந்தாழ்வான் ஒருவரே எழுந்தார் என்கிறது வைணவ மரபு. அவர் ஏரி வெட்டப் பயன்படுத்தியதாகச் சொல்லப்படும் கடப்பாரை இன்றும் கோயில் பெரிய வாசலில் தொங்குகிறது. நெரிசலில் தள்ளப்பட்டுக்கொண்டே உள்ளே போகிறவர்களின் கண்ணில் அது படுவதில்லை. அவருடைய தோட்டம் கோயிலுக்குப் பின்புறம் இருக்கிறது. இராமானுசரின் தாய்மாமன் திருமலை நம்பியும் மலையிலேயே வாழ்ந்தவர். தெற்கு மாட வீதியில் அவருக்குச் சிறிய சன்னிதி உண்டு. மலைவாசம் அரிதாக இருந்ததால்தான் வாழ்ந்தவர்களின் பெயர் இப்படி நிலைத்திருக்கிறது.

பூசை செய்தவர்கள் நான்கு குடும்பத்தார்: பைடிபல்லி, கொல்லபல்லி, பெத்திண்டி, திருப்பதம்மா. முறை வைத்துக்கொண்டு கைங்கரியம் செய்தார்கள். பரம்பரை உரிமையான அந்த மிராசு 1987ஆம் ஆண்டுச் சட்டத்தால் ஒழிந்தது. 1996இல் உச்ச நீதிமன்றமும் சட்டம் செல்லும் என்றது. கோயில் வேலை, கோயில் வீடு, கோயில் பங்கு என்று ஒரே முடிச்சாக இருந்த வாழ்க்கை அதோடு அவிழ்ந்தது. இப்போது அர்ச்சகர்களும் தேவஸ்தானம் நியமிக்கிறவர்களே.

மலை தங்கவைத்துக்கொள்ளாதவர்களுக்குத் தரையில் ஓர் இடம் வேண்டும் அல்லவா? அதற்கு நடுப்புள்ளியாக அமைந்தது கோவிந்தராஜர் கோயில். சிதம்பரத்தில் சோழன் ஒருவன் கோவிந்தராஜரை அகற்றினான், இராமானுசர் இங்கே பிரதிஷ்டை செய்தார், சுற்றிலும் வீதிகள் அமைத்துக் குடியேற்றினார் என்பது மரபு வழி வரலாறு. ஆண்டு 1130 என்கிறார்கள். அதை வைத்து 2022 பிப்ரவரி 24 அன்று ஊருக்கு 892ஆவது பிறந்தநாள் என்று மாட வீதிகளில் ஊர்வலமே நடத்தினார்கள். ஊருக்குப் பிறந்தநாள் கொண்டாடுவது வேடிக்கைதான். ஆனாலும் மலைக்கோயிலின் நிழலிலேயே வாழும் ஊர் தனக்கென்று ஒரு நாள் வேண்டும் என்று நினைத்ததில் ஒரு நியாயம் தெரிகிறது.

நடையை இங்கே தொடங்குங்கள். ரயில் நிலையத்திலிருந்து கோவிந்தராஜர் கோயில் எட்டும் தூரம்தான். மட்ல அனந்தராஜு கட்டியதாகச் சொல்லப்படும் ஏழு நிலைக் கோபுரம் வழிகாட்டும். காலை ஆறு மணியிலிருந்து எட்டு மணிக்குள் போனால் தெருவைத் தெருவாகப் பார்க்கலாம். அதற்குப் பிறகு ஆட்டோ, சரக்கு வண்டி, லாட்ஜிலிருந்து பெட்டியோடு இறங்கும் குடும்பம் என்று எல்லாம் ஒன்றாகக் கலந்துவிடும். சனிக்கிழமை வேண்டாம், புரட்டாசிச் சனிக்கிழமை வேண்டவே வேண்டாம். மலைக்குப் போகிற அவசரத்தைக் கழற்றி வைத்துவிட்டு வரவேண்டும். தரிசன நேரம் கையில் இருக்கும்போது கீழே தெரு பார்க்கப் போனால் இரண்டும் கெடும்.

வடக்கு, தெற்கு மாட வீதிகள், கர்நால வீதி, தீர்த்தகட்ட வீதி, பண்ட்ல வீதி, பேரி வீதி, காந்தி ரோடு. இவைதான் பழைய ஊர். அகலம் குறைவு, கூட்டம் அதிகம். ஓட்டுத் திண்ணை வீடு ஒன்று தப்பித்தவறி நின்றால் பக்கத்திலேயே நாலு மாடி லாட்ஜ். அது வீடாக இருந்து லாட்ஜாக வளர்ந்ததா, லாட்ஜாகவே பிறந்ததா என்பது வாசலைப் பார்த்தால் தெரியும். கோலம் இருந்தால் உள்ளே இன்னும் குடும்பம் இருக்கிறது.

வாசலில் யாராவது உட்கார்ந்திருந்தால் தமிழிலேயே பேசலாம், பெரும்பாலும் புரியும். 1953இல் ஆந்திர மாநிலம் பிரியும் வரை சென்னை மாகாணத்துச் சித்தூர் மாவட்டமாக இருந்த பூமி இது. வேங்கடம் தமிழகத்தின் வட எல்லை என்று ம.பொ.சி. வாதாடியதும், 1960இல் திருத்தணி மட்டும் நமக்கு வந்து திருப்பதி அங்கேயே நின்றதும் தெரிந்த கதை. அந்தக் கணக்கைத் திண்ணையில் எடுக்காமல் இருந்தால் பேச்சு இனிமையாகப் போகும். பெரியவர்களை 'அம்மா', 'ஐயா' என்றும், கடைக்காரரை 'அண்ணா' என்றும் கூப்பிட்டால் போதும். கைபேசியை உயர்த்தும் முன் ஒரு வார்த்தை கேளுங்கள். அது யாரோ ஒருவரின் வீட்டு வாசல்.

காந்தி ரோட்டுப் பக்கம் பித்தளைப் பாத்திரம், படங்கள், குங்குமம், பொம்மை. கொலுவுக்கு மரப்பாச்சி வாங்க நம் வீட்டுப் பாட்டிமார்கள் நம்பிய ஊர் இது. நல்ல மரப்பாச்சி செம்மரத்தில் செய்வது. சேஷாசலக் காடுதான் அதன் தாயகம். இப்போது சாயம் பூசிய வேறு மரமும் நிறைய வருகிறது. கையில் எடுத்தால் செம்மரத்தின் கனம் தனியாகத் தெரியும். அந்தக் கனத்தில் இன்னொன்றும் சேர்ந்திருக்கிறது. 2015 ஏப்ரல் 7 அன்று இந்த மரத்தை வெட்ட வந்தவர்கள் என்று சொல்லி அதே காட்டில் தமிழ்நாட்டுக் கூலித் தொழிலாளர்கள் 20 பேர் ஆந்திரப் போலீசாரால் சுட்டுக்கொல்லப்பட்டார்கள்.

இனி இரண்டாவது வகையினர், அதாவது இருந்து இறக்கப்பட்டவர்கள். 1944 ஏப்ரலில் முதல் மலைச்சாலை திறந்தது. அதுவரை நடந்தோ டோலியிலோதான் ஏறவேண்டும். வண்டி ஏறத் தொடங்கியதும் பயம் விலகியது. சத்திரம், கடை, சாப்பாட்டு விடுதி, அவற்றை நடத்துகிறவர்களின் வீடு என்று மலைமேல் மாட வீதிகளிலும் சன்னிதித் தெருவிலும் ஓர் ஊரே அமைந்தது. 1974இல் இரண்டாவது சாலையும் வந்தபோது ஏறுகிறவர்களுக்கு ஒன்று, இறங்குகிறவர்களுக்கு ஒன்று என்று ஆயிற்று. கூட்டம் பெருகியது. பெருகிய கூட்டத்துக்கு இடம் வேண்டும், இடமோ வீடுகளின் அடியில் இருந்தது.

பெருந்திட்டம் என்ற பெயரில் படிப்படியாக இடித்தார்கள். வீடுகளோடு போயிற்று ஆயிரங்கால் மண்டபமும். பதினைந்தாம் நூற்றாண்டில் சாளுவ மன்னர் மரபினர் கட்டிய அது 2003இல் பிரிக்கப்பட்டது. இன்று கோயில் வாசலிலிருந்து பேடி ஆஞ்சநேயர் சன்னிதி வரை வெட்டவெளியாகக் கிடக்கும் கல் முற்றத்தைப் பார்த்து 'எவ்வளவு விசாலம்' என்று மகிழ்கிறோம். மாட வீதிகளின் ஓரம் படிவரிசையாக அமைத்த காலரிகளில் உட்கார்ந்துதான் பிரம்மோற்சவ வாகன சேவை பார்க்கிறோம். முன்பு அந்த வீதியில் குடியிருந்தவர்களுக்கு வாகனம் வீட்டு வாசலுக்கே வந்தது. காசியில் விசுவநாதர் கோயிலிலிருந்து கங்கை வரை பாதை திறக்க நூற்றுக்கணக்கான கட்டடங்களை வாங்கி இடித்து 2021 டிசம்பரில் திறந்தார்கள். அதைச் செய்தியாகப் படித்து வியந்தவர்கள் திருமலை அதை வெகுநாள் முன்பே தொடங்கிவிட்டது என்பதை யோசிப்பதில்லை. தேவையான காரியமா என்றால், அறுபதாயிரம் பேர் நகர வேறு வழி என்ன என்று கேட்பதும் சரிதான். ஆனால் வாழ்கிறவர்கள் இல்லாத மாட வீதி பகலில் பெருங்கூட்டமாகவும், பின்னிரவில் கழுவிவிட்ட தரையாகவும் மட்டுமே இருக்கும். ஸ்ரீரங்கத்தில் நடந்துவிட்டு அங்கே நடப்பவருக்கு அது உறைக்கும்.

வீடு இழந்தவர்களில் ஒரு பகுதியினருக்கு மலையிலேயே கோயிலிலிருந்து தள்ளி இடம் கொடுத்தார்கள். அதுதான் பாலாஜி நகர். மற்றவர்கள் கீழே வந்தார்கள். பாலாஜி நகரில் பார்க்க என்ன இருக்கிறது என்று கேட்டால், பார்வைக்கு ஒன்றுமில்லை. மலைமேல் சாதாரண வாழ்க்கை நடக்கும் தெரு, அவ்வளவே. கடை நடத்துகிறவர்கள், தள்ளுவண்டிக்காரர்கள், அவர்கள் பிள்ளைகள். மலைமேல் நிலம் தேவஸ்தானத்தின் கையில். பணம் இருக்கிறது என்று யாரும் போய் மனை வாங்க முடியாது. மலையின் விதிகள் யாத்திரிகர்களுக்கு ஒரு நாள், இவர்களுக்கு ஆயுள் முழுக்க: புலால் இல்லை, மது இல்லை, புகை இல்லை. மலையில் பூக்கும் பூவெல்லாம் பெருமாளுக்கு என்பதால் பெண்கள் தலையில் பூ வைப்பதும் இல்லை. மல்லிகைச் சரத்தோடு பேருந்து ஏறும் நம்மூர்ப் பெண்கள் இதைத் தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது. காட்டை ஒட்டிய வாழ்க்கை என்பதும் உண்மை. 2023 ஆகஸ்டில் அலிபிரி நடைபாதையில் ஆறு வயதுச் சிறுமி ஒருத்தியைச் சிறுத்தை கொன்றபிறகு பாதையில் குழந்தைகளை அழைத்துச் செல்லும் நேரத்துக்குக் கட்டுப்பாடு வந்தது. அங்கே குடியிருப்பவர்களுக்குச் சிறுத்தை பழைய பக்கத்து வீட்டுக்காரர்.

தேவஸ்தானத்துக்கும் உள்ளூர்க்காரர்களுக்கும் உள்ள கணக்கு விசித்திரமானது. மலையடியில் வாழ்ந்தாலும் தரிசனத்துக்கு அவர்களும் சீட்டுதான் வாங்கவேண்டும். 2024 டிசம்பரிலிருந்து மாதத்தின் முதல் செவ்வாய்க்கிழமையை உள்ளூர்க்காரர்களுக்கு ஒதுக்கியிருக்கிறார்கள். ஆதார் அட்டையில் உள்ளூர் முகவரி இருக்கவேண்டும். கீழே மகதி கலையரங்கத்திலும் மேலே பாலாஜி நகர்ச் சமுதாயக் கூடத்திலும் டோக்கன் கொடுக்கத் தொடங்கினார்கள். ஏழுமலையானைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு மாதத்தில் ஒரு நாளுக்கு வரிசை நிற்பவர்களைப் பார்த்தால், சென்னையிலிருந்து வருகிற நமக்குக் கொஞ்சம் ஆறுதலாகக்கூட இருக்கும்.

டோக்கன் என்ற ஏற்பாடே மலைவரிசையை ஊருக்குள் இறக்கிவிட்டது. மலைமேல் காத்திருக்கும் கூட்டத்தைக் குறைக்கக் கீழேயே மையங்கள் வைத்து நேரச்சீட்டு கொடுக்கிறார்கள். நல்ல யோசனை. ஆனால் பெரிய நாட்களில் அந்த மையங்கள் போதாமல் பள்ளிக்கூடங்களிலும் பூங்கா அருகிலும் கவுண்டர் திறந்ததுண்டு. அதாவது, குடியிருப்புத் தெருக்களில். பைராகிப்பட்டெடா அப்படி ஒரு பகுதி. 2025 ஜனவரி 8 இரவு வைகுண்ட வாசல் தரிசனச் சீட்டுக்காகக் கூடியவர்களை அங்கே பூங்காவில் நிறுத்தி வைத்திருந்தார்கள். உடல்நலம் குன்றிய ஒருவரை வெளியே விடக் கதவு திறந்தபோது, வரிசை திறந்துவிட்டது என்று எண்ணிக் கூட்டம் பாய்ந்தது. ஆறு பேர் இறந்தார்கள். அவர்களில் தமிழ்நாட்டவரும் உண்டு. மலைக்கூட்டத்தை அடக்கப் பல்லாண்டுகளாகக் கட்டிய வேலி, கூண்டு, காத்திருப்புக் கூடம் எதுவும் இல்லாத சாதாரணத் தெரு அது. வைகுண்ட ஏகாதசி சமயத்தில் கீழே தெரு பார்க்கப் போகவேண்டாம் என்பதற்கு இதைவிட விளக்கம் வேண்டியதில்லை. அந்த நாட்களில் அங்கே குடியிருப்பவர்களே வண்டி எடுக்க யோசிப்பார்கள்.

ஊர் முழுக்க மலையைப் பார்த்தே வாழ்கிறது என்று முடிவுகட்டிவிடக் கூடாது. பல்கலைக்கழகம் 1954இல் வந்தது, பெரிய மருத்துவமனைகள் வந்தன, 2015இல் ஐஐடி வந்தது. கே.டி. ரோடு, பாலாஜி காலனிப் பக்கம் போனால் படிக்கிற பிள்ளைகளின் ஊராக இருக்கும். ஆனால் கீழ்த் திருப்பதிக்காரர்கள் தங்கள் சொந்தச் சாமி என்று எதைச் சொல்கிறார்கள் என்று பார்க்கவேண்டுமானால் தாத்தய்யகுண்டா கங்கம்மா கோயிலுக்குப் போகவேண்டும்.

'புஷ்பா 2' படத்தில் அல்லு அர்ஜுன் புடவை கட்டி நீல வண்ணம் பூசி ஆடியதைப் பார்த்தவர்களுக்குக் கங்கம்மா ஜாதரை என்ற திருவிழாவைப் பற்றி லேசாகத் தெரிந்திருக்கும். படத்தில் வந்தது சினிமா, இங்கே நடப்பது தெரு. கதை இதுதான். ஊரை ஆண்ட ஒரு பாளையக்காரன் பெண்களை நாசம் செய்தான். அவிலாலா என்ற சிற்றூரில் பிறந்து கைகாலக் குடும்பத்தில் வளர்ந்த கங்கம்மாவையும் தொட வந்தான். அவள் விசுவரூபம் காட்ட, அவன் ஓடி ஒளிந்தான். அவனைத் தேடி அவள் வேடம் மாற்றி மாற்றித் தெருத் தெருவாக அலைந்தாள். துரை வேடத்தில் வந்தபோது அவன் வணங்க வெளியே வந்தான், தலை போயிற்று.

அந்தத் தேடலைத்தான் ஒவ்வொரு மே மாதமும் ஊர் நடத்திக் காட்டுகிறது. செவ்வாய்க்கிழமை இரவு பறை முழக்கி அறிவிப்பார்கள். அதற்குப் பிறகு ஜாதரை முடியும்வரை ஊர்க்காரர் ஊரைவிட்டு வெளியே தங்கக்கூடாது என்பது கட்டு. அடுத்த நாளிலிருந்து ஒவ்வொரு வேடம்: பைராகி, பண்டா, தோட்டி, துரை, மாதங்கி, பிறகு சுண்ணாம்புக் குடங்கள். கைகாலக் குடும்பத்தார் அம்மனின் வேடம் ஏற்று வீடு வீடாக வருவார்கள். வாசலில் தண்ணீர் ஊற்றி, ஆரத்தி எடுத்து, காலில் விழுவார்கள். வேண்டிக்கொண்ட ஆண்களும் சிறுவர்களும் புடவை கட்டி, வளையல் போட்டு, பூ வைத்துக் கோயிலுக்கு வருவார்கள். பண்டா வேட நாளில் கேட்கிற வசவுக்கு யாரும் கோபித்துக்கொள்ளக் கூடாது. அமெரிக்க ஆய்வாளர் ஜாய்ஸ் ஃப்ளூக்கிகர் இங்கே பல ஆண்டுகள் பழகி இந்த ஜாதரையைப் பற்றித் தனிப் புத்தகமே எழுதி 2013இல் வெளியிட்டார். பெண்ணைத் துன்புறுத்தியவனைப் பெண் தெய்வம் தேடும் நாட்களில் ஆண்களுக்கு அந்தத் தெருக்களில் புடவைதான் பாதுகாப்பு என்று எனக்குத் தோன்றும். அறிஞர்கள் இன்னும் நாசூக்காகச் சொல்வார்கள்.

கங்கம்மா ஏழுமலையானுக்குத் தங்கை முறை. ஜாதரைக்கு அண்ணன் வீட்டுச் சீராகப் புடவை, மஞ்சள், குங்குமம் தேவஸ்தானத்திலிருந்து மேளதாளத்தோடு வருகிறது. மலைக்குப் போகும் முன் இங்கே ஒரு கும்பிடு போட்டுவிட்டுத்தான் போகவேண்டும் என்று பழைய ஊர்க்காரர்கள் சொல்வார்கள். ஜாதரையைப் பார்க்க விரும்பினால் தேதியை அந்தந்த ஆண்டு கேட்டுத் தெரிந்துகொண்டு போங்கள். துரை வேடமோ மாதங்கி வேடமோ வரும் நாளில் பழைய தெருக்களில் ஏதாவது ஒரு திண்ணை ஓரம் இடம் கேட்டு நின்றால், வேடம் உங்கள் பக்கம் வரும். கடைசி நாள் நள்ளிரவுக்குப் பிறகு கோயில் முன் களிமண்ணில் அம்மனின் பெரிய முகம் செய்து, விடிவதற்குள் அதைக் கலைப்பார்கள். அந்த மண்ணில் ஒரு துளி வாங்கக் கூட்டம் முட்டும். குழந்தைகளோடு போகிறவர்கள் அதற்கு முன்பே அறைக்குத் திரும்பிவிடுவது உத்தமம்.